பெயர்ப்பலகையில் ஒரு சொல்: கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் அரசுப் பள்ளிகள்

ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நாளிதழ்களில் ஒரு பட்டியல் இடம்பெறும். எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, எந்த அரசுப் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்றெல்லாம் அதில் காணலாம். அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, நகரத்துப் பள்ளி இவ்வளவு விழுக்காடு பெற்றிருக்கிறது, மலைப் பள்ளி ஏன் பெறவில்லை என்று கேட்பது எளிது. அக்கேள்வியைத் தேநீர்க் கடையிலும் கேட்கிறார்கள், ஆய்வுக் கூட்டங்களிலும் கேட்கிறார்கள். ஒப்பிடுவது தவறன்று. ஆனால் ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவைதாமா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

கள்ளக்குறிச்சி நகரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை வரை ஒருவர் பயணம் செய்வதாகக் கொள்வோம். வழியில் அவர் காணும் பள்ளிப் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போகட்டும். அரசு மேல்நிலைப் பள்ளி, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மலைமேல் ஏறியதும் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி என்று இப்பகுதியில் ஐந்து வகைப் பெயர்கள் உள்ளன. எல்லாம் பொதுப் பணத்தில் நடப்பவையே. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கடனைத் தீர்க்கும் பொருட்டுப் பிறந்தது. அக்கடன் எது என்று அறியாமல் விழுக்காட்டை மட்டும் ஒப்பிடுவது, வெவ்வேறு ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வந்து சேரவில்லையே என்று குறைபட்டுக்கொள்வதற்கு ஒப்பாகும்.

சமவெளியின் கதை

முதலில் சமவெளியை எடுத்துக்கொள்வோம். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. விழுப்புரம் 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. ஆகவே இப்பகுதிப் பள்ளிகளின் பழைய வரலாறு தென்னார்க்காட்டு வரலாறேயாகும்.

சென்னை மாகாணத்தில் ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு உள்ளூர் வரிப்பணத்தைச் செலவிடும் ஏற்பாடு 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்தோடு தொடங்குகிறது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டக் கழகம், வட்டக் கழகம் எனும் அமைப்புகளை உருவாக்கியது. நம் பாட்டனார்கள் 'போர்டு பள்ளி' என்று சொன்னது இக்கழகங்கள் நடத்திய பள்ளிகளையே. 1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின்னர் 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் மாவட்டக் கழகங்களின் இடத்தில் ஊராட்சி ஒன்றியங்களை நிறுவியபோது, தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் கைக்கு வந்தன. 'போர்டு பள்ளி' 'யூனியன் பள்ளி' ஆயிற்று. அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனது 1981இல்தான். அதன் பின்னரும் பலகையில் 'ஊராட்சி ஒன்றிய' எனும் சொல் நின்றுவிட்டது. அச்சொல்லால் எவருக்கும் மனவருத்தம் இல்லை. அது நிர்வாகத்தின் பெயரேயன்றிப் பிள்ளையின் பெயர் அன்று.

ஆயின் இந்தப் பொதுப் பள்ளியின் வாசல் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்திருக்கவில்லை. ஊர்ப்பள்ளி ஊருக்குள் இருந்தது. சேரியின் பிள்ளை அதற்குள் நுழைய இயலாத ஊர்கள் ஏராளம். சட்டம் அனுமதித்தும் ஊர் அனுமதிக்காத நிலையில், 1920ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளிலேயே தனிப் பள்ளிகளைத் திறக்கலாயிற்று. அவையே பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாகத் தொடர்ந்தன. 'ஆதிதிராவிடர்' எனும் பெயரே 1922இல், எம்.சி. ராஜா முதலியோரின் முயற்சியால், இழிபெயர்களுக்கு மாற்றாக அரசு ஆணையில் ஏறிய பெயர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. மதுரைப் பக்கத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் அடக்கப்பட்ட பிரமலைக் கள்ளர்களுக்காக அதே துறை தொடங்கிய பள்ளிகள் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்று பெயர் பெற்றன. பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த 1920ஆம் ஆண்டை ஒட்டியே அப்பள்ளிகளும் பிறந்தன. ஒரே துறை, ஏறத்தாழ ஒரே காலம். ஒரு பெயர் சமூகத்தின் ஒதுக்கலுக்கு விடையாக வந்தது. மற்றது அரசே சுமத்திய குற்றப்பட்டத்தின் நிழலாக வந்தது.

மலையின் கதை

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடபாகம் சின்னக் கல்வராயன், தென்பாகம் பெரிய கல்வராயன். கோமுகி ஆறும் மணிமுத்தாறும் இங்கே பிறக்கின்றன. மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனும் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டா. மலையை ஆள்பவர் என்பதே இப்பெயரின் பொருள் என்பர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. பேசுவது தமிழே. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையால் மிகப் பெரிய பிரிவும் இவர்களே. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர்; அவர்களுள் மலையாளிகள் மூன்றரை லட்சத்துக்கும் மேல்.

இம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் எனும் மூன்று ஜாகீர்தாரர்களின் கையில் இருந்தது. விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் அளித்த உரிமை அது என்பது மரபுவழிச் செய்தி. 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் டபிள்யூ. பிரான்சிஸ் இவர்களைக் குறித்து எழுதியிருக்கிறார். நாடு விடுதலை பெற்றது; 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது; 1952இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. கல்வராயன் மலையில் ஜாகீர் முறை முடிவுக்கு வந்ததோ 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில்!

இந்த ஆண்டுக் கணக்கைச் சமவெளியின் கணக்கோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராயிருந்தபோது, மதிய உணவுத் திட்டம் தொடங்கியது 1956இல். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஒரு தலைமுறை முழுவதும் எழுத்தறிவின் படியேறிய காலம் அது. அத்தலைமுறை பள்ளிப்படிப்பை முடித்து, வேலைக்குச் சென்று, தன் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகும் மலைமேல் ஜாகீர் நடந்துகொண்டிருந்தது. சமவெளியில் இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர் பள்ளி சென்ற குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையாக இருக்கலாம். மலையில் முதல் தலைமுறை மாணவர் இன்றும் அரியர் அல்லர். இருபது ஆண்டுகள் என்பது வரலாற்று நூலில் ஒரு வரி. ஒரு குடும்பத்தின் கல்வியில் அது ஒரு முழுத் தலைமுறை.

மாநில அளவிலான எண்களும் இதையே சொல்கின்றன. 2001இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 73.5 விழுக்காடு, பழங்குடியினரிடையே 41.5. 2011இல் மாநிலம் 80.1, பழங்குடியினர் 54.3. இடைவெளி குறைந்திருக்கிறது. ஆனால் பத்தாண்டுக்குப் பின்னும் அது இருபத்தைந்துக்கு மேலேயே இருந்தது.

உண்டு உறைவிடம்

மலைப் பள்ளியின் பலகையில் 'பழங்குடியினர்' எனும் சொல்லையே எல்லாரும் கவனிக்கிறார்கள். அதற்கு அடுத்து நிற்கும் 'உண்டு உறைவிட' எனும் சொற்களே அப்பள்ளியின் உயிர்நாடி என்பது என் கருத்து. அலுவலக வழக்கில் 'ஜி.டி.ஆர். பள்ளி' என்று சுருங்கிவிட்டதால் அச்சொற்கள் கண்ணில் படாமல் போயின.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்பது நம் மாநில விதி. சமவெளியில் ஒரு கிலோமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர்தான். மலையில் அது ஓடையையும் காட்டையும் ஏற்ற இறக்கத்தையும் உள்ளடக்கியது. மழைக்காலத்தில் வேறொரு நீளம் கொண்டது. சிதறிக்கிடக்கும் சிற்றூர்கள் ஒவ்வொன்றிலும் எட்டாம் வகுப்பு வரை பள்ளி வைத்தல் இயலாது. பிள்ளைகளை ஓரிடத்தில் தங்கவைத்துக் கற்பிப்பதே வழியாயிற்று. குஜராத்தின் தாகோதில் 1922இல் பீல் சேவா மண்டலத்தை நிறுவிய தக்கர் பாபாவின் காலந்தொட்டு இந்தியப் பழங்குடிக் கல்வியில் நிலைபெற்ற முறை இது.

தங்கவைத்துக் கற்பித்தல் என்றதும் உலக வரலாற்றின் ஒரு கசப்பான பக்கம் நினைவுக்கு வராமல் இராது. கனடாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். அவர்களின் மொழியையும் வழக்கத்தையும் அழிப்பதே அங்கு நோக்கமாயிருந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிள்ளைகள் அவ்வாறு வளர்ந்தனர் என்று, அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் அறிக்கை அளித்தது. கல்வராயனை அத்தோடு சமன்படுத்துவது பொருந்தாது. இங்கே பிள்ளை தன் மலையிலேயே, தன் மக்களிடையே, தன் மொழியிலேயே படிக்கிறது. எனினும் பெற்றோரைப் பிரிந்து ஆறு வயதுப் பிள்ளை ஒரு கட்டடத்தில் உறங்குகிறது என்ற அளவில் பொறுப்பு மிகப் பெரிது. அப்பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் கண்டால் கவனிப்பவர் யார் என்பது தேர்ச்சி விழுக்காட்டுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி.

இன்னொரு காரணமும் உண்டு. மரவள்ளியும் சாமையும் கடுக்காயும் ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. வேலை தேடி மலையிலிருந்து இறங்குவோர் பலர். 2015 ஏப்ரலில் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகச் சொல்லப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் ஜவ்வாது, சித்தேரி மலைப் பகுதியினர். கல்வராயனின் அண்டை மலைகள் அவை. பெற்றோர் வெளியூரில் இருக்கும் மாதங்களில் பிள்ளைக்கு வீடாக இருப்பது பள்ளியே. பல உண்டு உறைவிடப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரோ வேறோர் ஆசிரியரோ காப்பாளர் பொறுப்பையும் கூடுதலாகச் சுமப்பதுண்டு. பகலில் இலக்கணம் நடத்தியவர் இரவில் அரிசிக் கணக்குப் பார்க்கிறார். நகரத்து ஆசிரியரின் வேலையோடு அவ்வேலையை எவ்வாறு ஒப்பிடுவது?

தட்டின் வரலாறு

இரு வகைப் பள்ளிகளையும் நேர்மையாக ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு. அது பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டு. சென்னை மாநகராட்சி 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளிக்க முற்பட்டது. 1956இல் அது மாநிலத் திட்டமாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. சமவெளிப் பள்ளி இரண்டு வேளைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. உண்டு உறைவிடப் பள்ளியோ தொடக்கத்திலேயே மூன்று வேளையையும் ஏற்றுக்கொண்டது. அவ்வகையில் நகரத்துப் பள்ளியே மலைப் பள்ளியைப் பின்பற்றி வந்துகொண்டிருக்கிறது எனலாம்.

ஏகலைவன் பெயரில்

வெள்ளிமலையில் இன்னொரு வகைப் பள்ளியும் உண்டு. 1997-98இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தின் வழி வந்த ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி அது. அரசியலமைப்பின் 275(1)ஆம் பிரிவின் கீழ் வரும் மானியம் அதன் நிதியடிப்படையாக அமைந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, பள்ளிக்கு 480 மாணவர் என்பது திட்டத்தின் அளவு. சேர்க்கை நுழைவுத்தேர்வின் வழியே. ஜி.டி.ஆர். பள்ளி வருகிற பிள்ளையை எல்லாம் ஏற்கிறது. ஏகலைவா பள்ளி தேர்ந்தெடுத்து ஏற்கிறது. ஒரே மலையில், ஒரே சமூகத்துப் பிள்ளைகளுக்காக நிற்கும் இவ்விரண்டின் தேர்ச்சி விழுக்காட்டையும் அருகருகே எழுதிப் பார்ப்பதில் பொருளில்லை.

அப்பெயரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாரதத்தில் ஏகலைவன் வேடர்குலத்துப் பிள்ளை, ஆசிரியர் கற்பிக்க மறுத்தார், தானே கற்றான், கற்றதற்கு விலையாகக் கட்டைவிரலைக் கொடுத்தான். பழங்குடிப் பிள்ளைகளின் பள்ளிக்கு இப்பெயரைத் தேர்ந்தவர்கள் அவன் முயற்சியை நினைத்திருப்பார்கள். அக்கதையின் ஆசிரியரை நினைத்திருந்தால் தயங்கியிருப்பார்கள்.

பெயரை நீக்கலாமா?

இங்கிருந்து நிகழ்கால வழக்குக்கு வருவோம். 2023 மார்ச்சில், 2023-24ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், பல்வேறு துறைகளின் கீழ் நடைபெறும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவரப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், முந்நூறுக்கு மேற்பட்ட பழங்குடியினர் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும். வலுவான எதிர்ப்பும் எழுந்தது. நாங்குநேரி நிகழ்வை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும் நிர்வாகத்தை ஒன்றாக்கவும் பரிந்துரைத்தது.

அதே ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் தொடர்ச்சியாகக் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வழக்கில்தான், 2024 ஜூலை இறுதியில், அரசுப் பள்ளியின் பெயரில் 'பழங்குடியினர்' எனும் சொல் இருத்தலாகாது, அது பிள்ளைகளின் மேல் முத்திரை குத்துவதாகும் என்று நீதிபதிகள் கருத்துரைத்து அதை நீக்கப் பணித்தனர். 2025 ஜூலையில் அரசு, நலத்துறை மாணவர் விடுதிகள் யாவும் 'சமூகநீதி விடுதிகள்' என அழைக்கப்படும் என்று அறிவித்தது.

இருதரப்பு நியாயங்களையும் எடைபோடுதல் வேண்டும். மாற்றுச் சான்றிதழிலேயே பள்ளியின் பெயர் பிள்ளையின் பிறப்பை அறிவித்துவிடுகிறது என்பது உண்மை. நேர்காணலில் 'எந்தப் பள்ளி?' என்று கேட்கும் ஒருவர் விடையில் வேறொன்றையும் தெரிந்துகொள்கிறார். 1966இல் கோத்தாரிக் குழு முன்வைத்த பொதுப்பள்ளி எனும் கனவுக்கும் இப்பெயர்கள் ஒவ்வாதன. மறுபுறம், தனித்துறை என்பது தனி நிதித்தலைப்பு. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பழங்குடியினர் துணைத்திட்டம் வந்ததும், கல்வராயன் உள்ளிட்ட மலைகளில் ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டம் வந்ததும் அத்தலைப்பின் கீழ்தான். ஆயிரக்கணக்கான பள்ளிகளைக் கொண்ட பெருந்துறையுள் முந்நூறு பள்ளிகள் கரைந்துவிட்டால், மலையின் அரிசியும் போர்வையும் காப்பாளர் பணியிடமும் எந்தக் கோப்பில் தேடப்படும்? இவ்வச்சத்தைக் குறுகிய நலம் என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது.

என் துணிபு இது: 'பழங்குடியினர்' எனும் சொல் பலகையிலிருந்து போகட்டும், 'உண்டு உறைவிட' எனும் சொற்கள் இருக்கட்டும். முன்னது பிள்ளை யார் என்று சொல்கிறது. அதை ஊர் அறிய வேண்டியதில்லை. பின்னது அரசு என்ன செய்யக் கடமைப்பட்டது என்று சொல்கிறது. அதை ஊர் அறிந்தே ஆக வேண்டும். நிதிக்கு உறுதி தர இப்போது பலகையைவிட வலிய கருவி இருக்கிறது. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்குவதைச் சட்டக் கடமை ஆக்கியிருக்கிறது. எந்தத் துறை நடத்தினாலும், மலைப் பள்ளியின் செலவு அச்சட்டத்தின் கணக்கில் தனியே காட்டப்பட்டால் பெயர் போனதால் பங்கு போகாது. பெயரை நீக்குகிற அன்றே இதையும் செய்தல் வேண்டும். முன்னதை மட்டும் செய்துவிட்டுப் பின்னதை மறப்பது மலைமக்களுக்குப் புதிதன்று. 1976இல் ஜாகீர் போயிற்று, அத்தோடு எல்லாம் வந்துவிடவில்லை.

எவ்வாறு ஒப்பிடுவது?

ஆக, ஒப்பீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. கேள்விகளை மாற்றினால் போதும். இப்பள்ளி இல்லாவிடில் இப்பிள்ளைக்கு வேறு பள்ளி உண்டா? முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வறை வரை வந்தனர்? தேர்ச்சி விழுக்காடு தேர்வெழுதியவர்களை மட்டுமே எண்ணுகிறது. இடையில் நின்றுபோனவர் அக்கணக்கில் வருவதில்லை. ஒரு கணித ஆசிரியர் தொடர்ந்து எத்தனை ஆண்டு அங்கே பணிபுரிகிறார்? இரவில் பிள்ளைகளோடு இருப்பவர் யார்? இந்நான்கையும் நகரத்துப் பள்ளிக்கும் மலைப் பள்ளிக்கும் பொதுவாகக் கேட்டுப் பார்த்தால் பட்டியலின் வரிசை மாறக்கூடும்.

மலையின் பிள்ளைகளுக்குத் திறன் குறைவு என்போருக்கு விடை வந்துகொண்டுதான் இருக்கிறது. 2024இல் பழங்குடி மாணவியர் கூட்டு நுழைவுத்தேர்வில் தேறித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்துக்குத் தகுதி பெற்றனர். 2025இல் கல்வராயனின் சேலம் பகுதியான கருமந்துறை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மலையாளிச் சமூகத்து மாணவி ஒருவர் ஐ.ஐ.டி.க்கான உயர்நிலைத் தேர்வில் தேறினார். இவர்களை விதிவிலக்கு என்று வியப்பது எளிது. அவர்களுக்குப் பின்னால் அதே கூடத்தில் உறங்கி எழும் ஏனைய பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று கேட்பதே நம் வேலை.

கல்லூரியில் குறிஞ்சித் திணையை ஆண்டுதோறும் நடத்துகிறோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அம்மலர்களுள் சிலவற்றைக் கண்ணால் கண்டு, வேறு பெயரால் அழைத்து வளர்ந்த மாணவர் அவ்வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். என் வரையில், பள்ளிகளை ஒப்பிடும் எந்தப் பட்டியலையும்விட அவ்வெண்ணிக்கை அதிகம் சொல்லும்.